ஓட்டோமற்றிக் காரைத் துள்ளாமல் எடுப்பது எப்படி?

எடிசனில் கார் இல்லாவிட்டால் வேலை இல்லை. பின்னேர ஷிப்ட் முடிந்து நடுச்சாமத்தில் வெளியே வருபவர் பஸ்ஸை நம்பி நிற்க முடியாது. ஐந்து பேர் ஒரு காரில் போகிறோம் என்றால், ஓடுகிறவருக்குக் காய்ச்சல் வந்த அன்று ஐந்து பேருக்கும் சம்பளம் போகும். நியூ ஜேர்சியில் 2019 டிசம்பரில் கையெழுத்தான சட்டம் 2021 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. குடிவரவு நிலை எதுவானாலும் சாதாரண லைசன்ஸ் எடுக்கலாம் என்றானது. அதன் பிறகு, வழக்கு முடியாமல் இருக்கும் எங்கள் குடும்பங்களிலும் பலர் துணிந்து படிக்கிறார்கள். எழுத்துப் பரீட்சை பெரிய காரியமில்லை. 50 கேள்வி, 40 சரியென்றால் சித்தி. கை நடுங்குவது காரை முதலில் நகர்த்தும் அந்த ஒரு நிமிடத்தில்தான்.

ஊரில் வாகனம் ஓடிப் பழகியவர்களுக்கு இது இன்னும் சிக்கல். யாழ்ப்பாணத்தில் எங்களுக்குத் தெரிந்தது ஏ-நாற்பதும் மொறிஸ் மைனரும். 1990 களில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் இல்லை. காபுறேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு ஸ்ராட் ஆக்கி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடினோம். இஞ்சின் நின்றுவிடும் என்ற பயத்தில் அக்சிலேற்றரை மிதித்து மிதித்து உறுமவைத்தே பழகிய கால் எங்களுடையது. அந்தப் பழக்கத்தோடு இங்கத்தைய காரில் ஏறினால் அது பாயும்.

எங்களோடு வேலை செய்யும் ஒரு தங்கச்சி முதல் நாள் கேட்டாள்: “அண்ணை, நான் ஒண்டையும் மிதிக்கேல்லை, அது தன்ரபாட்டிலை போகுதே!” போகத்தான் செய்யும். மேசைவிசிறிகள் இரண்டை நேருக்கு நேர் வைத்து ஒன்றை மட்டும் போட்டால், அந்தக் காற்றில் மற்றதும் சுற்றும் அல்லவா? ஓட்டோமற்றிக் காரில் இஞ்சினுக்கும் கியருக்கும் நடுவே அப்படி இரண்டு விசிறிகள் இருக்கின்றன. காற்றுக்குப் பதில் எண்ணெய். ஓல்ட்ஸ்மொபைல் 1940 ஆம் ஆண்டு மொடலில் ஹைட்ராமற்றிக் என்ற பெயரில் விற்கத் தொடங்கிய காலத்திலிருந்து கிளச் மிதியின் வேலையை எண்ணெய்தான் செய்கிறது. இஞ்சின் சும்மா ஓடினாலும் எண்ணெய் கொஞ்சம் தள்ளும். ஆகவே ‘டி’யில் போட்டு பிறேக்கை விட்டால் கார் நடைவேகத்தில் ஊரும். சில மின்சாரக் கார்கள் மட்டும் ஊராது.

எனவே இந்தக் காரை எடுப்பது அக்சிலேற்றரால் அல்ல, பிறேக்கால். பிறேக்கை மெல்ல விடத் தெரிந்தால் கார் எடுக்கத் தெரியும்.

இடது காலுக்கு இங்கே வேலையே இல்லை. கிளச் தேடிப் பழகிய இடது கால் பிறேக்கில் விழுந்தால், பின்னால் வருபவன் வந்து மோதுவான். அதை ஓரத்தில் ஊன்றி வைத்து மறந்துவிடுங்கள். வலது காலின் குதி பிறேக்குக்கு நேரே தரையில் இருக்கட்டும். அதை ஊன்றியபடி நுனியைத் திருப்பினால் அக்சிலேற்றர் அகப்பட வேண்டும். எட்டவில்லை என்றால் சீற்றை முன்னுக்கு இழுங்கள். எங்கள் பெண்கள் பலர் கணவர் விட்ட சீற்றிலேயே இருந்து கால் எட்டாமல் ஓடப் பார்க்கிறார்கள். துள்ளலில் பாதிக்கு அதுதான் காரணம்.

மிதி மாறினால் என்ன ஆகும் என்பதற்கு இந்த நாட்டில் பெரிய கதையே உண்டு. 1986 இல் ‘அவுடி 5000’ கார்கள் தாமாகப் பாய்கின்றன என்று தொலைக்காட்சியில் காட்டி நாடே அல்லோலகல்லோலப்பட்டது. அரசாங்க வீதிப் பாதுகாப்புத் திணைக்களம் ஆராய்ந்து 1989 இல் சொன்ன முடிவு: பெரும்பாலும், பிறேக் என்று நினைத்து அக்சிலேற்றரை மிதித்திருக்கிறார்கள். பிறேக்கை மிதிக்காமல் ‘பி’யை விட்டு கியர் அசையாதபடி பூட்டு வந்தது அந்தக் காலத்தில்தான். 2010 செப்டெம்பர் 1 முதல் தயாரான ஓட்டோமற்றிக் கார் எல்லாவற்றுக்கும் அது கட்டாயம். பழைய கார் வாங்குபவர்கள் பூட்டு வேலை செய்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இனிக் காரை எடுப்போம். பெல்ற், கண்ணாடி எல்லாம் சரி. கியர் ‘பி’யில். பிறேக்கை நன்றாக அழுத்தியபடி திறப்பைத் திருப்புங்கள். பட்டன் கார் என்றால், பிறேக்கை மிதிக்காமல் அழுத்தினால் வெளிச்சம் மட்டும் வரும், இஞ்சின் வராது. கார் பழுது என்று யாரும் அழவேண்டாம். குளிரில் இஞ்சின் முதலில் வேகமாகச் சுற்றும். அப்போதே கியர் போட்டால் கார் இடித்துக்கொண்டு புறப்படும். சத்தம் தணியும் வரை அரை நிமிடம் பொறுங்கள். பிறகு ‘டி’. போகும் வழியில் ‘ஆர்’, ‘என்’ இரண்டையும் தாண்டுவதால் எந்த எழுத்தில் நிற்கிறது என்று கண்ணால் பாருங்கள். கார் லேசாக ஒரு குலுக்குக் குலுக்கும், கியர் விழுந்துவிட்டது. ஹான்ட்பிறேக்கை விடுங்கள். இங்கே வலப்பக்கமாக ஓடுகிறோம், ஆகவே ஓரத்திலிருந்து வெளிக்கிடும்போது இடது தோளுக்கு மேலால் திரும்பிப் பார்க்க வேண்டும். பாதை வெறுமை என்றால் பிறேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். கார் ஊரத் தொடங்கிய பிறகுதான் கால் அக்சிலேற்றருக்குப் போக வேண்டும், அதுவும் கீழே ஒரு முட்டை இருக்கிறது என்ற நினைப்போடு.

மாரியில் இன்னொன்று. காரைச் சூடாக்குகிறோம் என்று கால் மணித்தியாலம் ஓடவிட வேண்டாம். சும்மா நிற்கும் காரின் இஞ்சினை 3 நிமிடத்துக்கு மேல் ஓடவிடக்கூடாது என்பது நியூ ஜேர்சிச் சட்டம். கடும் குளிருக்குக் கொஞ்சம் விலக்கு உண்டு. ஸ்ராட் ஆக்கும் முன் பின்னால் போய் புகைக்குழாயைப் பாருங்கள். பனி அடைத்திருந்தால் நச்சுப்புகை உள்ளே வரும், அதற்கு மணமில்லை. பிள்ளைகளைச் சூட்டுக்கென்று உள்ளே இருத்திவிட்டுப் பனி வழிக்கும் தகப்பன்மார் குழாயை முதலில் வழியுங்கள்.

பழகுவதற்கு ஞாயிறு விடிய, கடைகள் திறக்கும் முன், சொந்தக்காரரிடம் கேட்டுக்கொண்டு வெறும் பார்க்கிங் வளவொன்றுக்குப் போங்கள். பெர்மிற் வைத்திருப்பவர் பக்கத்தில் லைசன்ஸ் உள்ளவர் இருக்க வேண்டும். அது கணவர் என்றால் கத்தாதவராக இருப்பது நல்லது. இல்லாவிட்டால் அடுத்த வீட்டு அக்காவைக் கூப்பிடலாம். முதல் ஞாயிறு அக்சிலேற்றரைத் தொடவே வேண்டாம். ஊரவிடுங்கள், நிறுத்துங்கள், மறுபடி ஊரவிடுங்கள். முன்சீற்றில் ஒரு கப் தண்ணீரை வைத்து, அது சிந்தாமல் நிற்கிற நாளில் றோட்டுக்கு வரலாம்.