கம்பெனி கைமாறினால் போட்ட பாட்டு என்னாகும்?

இசை மென்பொருள் தயாரிக்கும் சின்ன கம்பெனியை ஒரு பெரிய கம்பெனி வாங்கப்போகிறது என்று பேச்சு கிளம்பினால், வியாபார உலகம் 'எத்தனை கோடி?' என்று கேட்கும். அந்த மென்பொருளில் பாட்டுப் போடுகிறவர்களின் கவலையே வேறு. 'இதுவரை போட்டு வெச்சதெல்லாம் நாளைக்குத் திறக்குமா?'

வீண் பயமில்லை இது. 1998-ல் அமெரிக்காவின் ஆப்கோட் நிறுவனத்தை கிடார் தயாரிக்கும் கிப்சன் வாங்கியது. அடுத்த வருடமே மென்பொருள் வேலை நின்றுபோனது.

இன்னும் பிரபலமான கதை, ஜெர்மனியில் ஹாம்பர்க் அருகே ரெல்லிங்கனில் இருந்த இமேஜிக் கம்பெனியுடையது. நம் ஏ.ஆர்.ரஹ்மான் பயன்படுத்தும் 'லாஜிக்' மென்பொருள் பிறந்தது அங்கேதான். 2002 ஜூலை 1-ம் தேதி இமேஜிக்கை வாங்கிவிட்டதாக ஆப்பிள் அறிவித்தது. கூடவே ஒரு குண்டு: விண்டோஸ் லாஜிக் செப்டம்பர் 30-உடன் நிறுத்தம். மூன்றே மாதம்! இத்தனைக்கும், இமேஜிக் வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விண்டோஸ்காரர்கள் கொடுத்த காசு. வாங்கிய மென்பொருள் அன்றைக்கே நின்றுவிடாதுதான். ஆனால், கம்ப்யூட்டரை மாற்றும்போது சிக்கல் வரும். பணத்தைப் புரட்டி ஆப்பிள் மேக் வாங்க வேண்டும். அல்லது வருடக்கணக்காகக் கை பழகியதை விட்டுவிட்டு, வேறொன்றை 'அ'னா, 'ஆ'வன்னாவிலிருந்து படிக்க வேண்டும்.

கோபம் நியாயம்தான். ஆனாலும் ஆப்பிளை வில்லனாக்கிவிட முடியாது. 2004-ல் 999 டாலருக்கு விற்ற லாஜிக் புரோ, 2013-ல் 199.99 டாலருக்கு வந்தது. ஐபோனில் பிள்ளைகள் இலவசமாகத் தட்டி விளையாடும் 'கராஜ்பேண்ட்', இமேஜிக்கைத் தொடங்கியவர்களில் ஒருவரான கெர்ஹார்ட் லெங்கலிங் ஆப்பிளுக்குப் போய் உருவாக்கியது.

கேக்வாக் மென்பொருளுக்கோ இரண்டு கதியும் வாய்த்தது. 2013-ல் கிப்சன் வாங்கியது; 2017 நவம்பரில் கைவிட்டது. சில மாதங்களில் சிங்கப்பூரின் பேண்ட்லேப் அதை எடுத்து இலவசமாகவே கொடுத்தது.

ஆக, வாங்குகிறவர் என்ன செய்வார் என்பது முன்கூட்டித் தெரியாது. அதனால்தான் அனுபவசாலிகள் பாட்டு முடிந்ததும், குரல், தபேலா, வயலின் என்று ஒவ்வொன்றையும் தனித்தனி 'வேவ்' ஃபைலாகச் சேமித்துவிடுகிறார்கள். இதை அநேகமாக எந்த இசை மென்பொருளும் திறக்கும். கீபோர்டில் வாசித்த ஒரு சுரத்தை மட்டும் பிறகு மாற்ற முடியாது. பாடிய குரல் பத்திரமாக இருக்கும்.