வாங்கியதெல்லாம் வயிற்றுக்குப் போகிறதா?

சாப்பாட்டுச் செலவைக் குறைப்பது எப்படி என்று பேச்செடுத்தால், எந்தக் கடையில் எது மலிவு என்பதில்தான் அது போய் நிற்கிறது. தேக்கா சந்தையில் மீன் என்ன விலை, பேரங்காடியில் எந்த எண்ணெய்க்குத் தள்ளுபடி என்பதெல்லாம் நமக்கு அத்துப்படி. ஆனால் வாங்கி வந்ததில் எவ்வளவு வயிற்றுக்குப் போயிற்று, எவ்வளவு குப்பைக்குப் போயிற்று என்று கேட்டால் பதில் வராது. எவ்வளவு மலிவாக வாங்கினாலும், சாப்பிடாமல் எறிந்தால் கொடுத்த காசு முழுவதும் நட்டம்தானே?

குப்பையில் கிடப்பது என்ன?

சிங்கப்பூர் தனக்கு வேண்டிய உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெளிநாடுகளிலிருந்து தருவிக்கிறது. அப்படியிருந்தும் 2023ஆம் ஆண்டில் இங்கு சேர்ந்த உணவுக் கழிவு ஏறக்குறைய 755,000 டன். அதில் 18 விழுக்காடுதான் மறுபயனீட்டுக்குப் போனது. மற்றதெல்லாம் எரிக்கப்பட்டு, சாம்பல் செமாக்காவ் தீவில் கொட்டப்படுகிறது. அந்த இடமும் 2035ஆம் ஆண்டு வாக்கில் நிறைந்துவிடும் என்று எதிர்பார்க்கப்படுகிறது.

இதில் நம் வீட்டின் பங்கு என்ன? 2017ஆம் ஆண்டில் தேசியச் சுற்றுப்புற வாரியம் வீட்டுக் குப்பையை ஆராய்ந்தது. குப்பையில் ஏறக்குறைய பாதி உணவு. அதிலும் பாதிக்கு மேல், கொஞ்சம் கவனித்திருந்தால் எறிய வேண்டியிராதவை. சோறு, நூடல்ஸ், ரொட்டி ஆகியவையே அதில் அதிகம். சிங்கப்பூர் சுற்றுப்புற மன்றம் 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, ஒரு குடும்பம் சராசரியாக ஆண்டுக்கு 258 வெள்ளி மதிப்புள்ள உணவை எறிகிறது என்று கணக்கிட்டது. வாரத்துக்கு 5 வெள்ளிதானே என்று தோன்றலாம். பொருள், சேவை வரி 7 விழுக்காடாக இருந்தபோது போட்ட கணக்கு அது. 2024 முதல் அந்த வரி 9 விழுக்காடு. அதோடு, சராசரி என்பது ஒரு பொதுக் கணக்குதான். நம் வீட்டுக் கணக்கு அதைவிடக் குறைவா, கூடுதலா என்பதை நாம்தான் பார்க்க வேண்டும்.

சந்தைக்குப் போகும் முன்

கடைக்குப் புறப்படும்முன் குளிர்பதனப் பெட்டியைத் திறந்து பாருங்கள். உள்ளே ஒரு கட்டுக் கீரை வாடிக்கொண்டிருக்க, இன்னொரு கட்டு வாங்கி வருவதுதான் வழக்கமாக நடப்பது. இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்பது சோப்புக்குச் சரி, ரொட்டிக்குச் சரிப்படாது. மூன்றாவது பொட்டலம் பூஞ்சணம் பிடித்தால் அது என்ன இலவசம்?

அடுத்தது அரிசி அளவு. சோற்றுப் பானையோடு வரும் குவளையில் ஒரு குவளை அரிசி ஏறக்குறைய 150 கிராம். வெந்தபின் எடை இரண்டு மடங்குக்கும் மேல் கூடும். இரண்டு பேருக்கு அது போதும். யார் யார் இரவு வீட்டில் சாப்பிடுகிறார்கள் என்று மாலையிலேயே கேட்டுவிட்டு உலை வைத்தால், பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

பாதுகாக்கும் முறை

கொத்தமல்லி, கறிவேப்பிலை ஆகியவற்றை ஈரம் போக உலர்த்தி, தாளில் சுற்றி, மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். பாதி மிஞ்சிய தேங்காய்ப்பாலைப் பனிக்கட்டித் தட்டில் ஊற்றி உறைய வைத்தால், அடுத்த குழம்புக்கு இரண்டு கட்டி எடுத்துப் போடலாம். ரொட்டியையும் உறைய வைக்கலாம். வேண்டியபோது எடுத்து வாட்டிக்கொள்ளலாம். பழுத்த வாழைப்பழத்திலிருந்து வரும் வாயு மற்றக் காய்கனிகளையும் சீக்கிரம் பழுக்க வைக்கும். அதைத் தனியே வையுங்கள்.

தேதியையும் சரியாகப் படிக்க வேண்டும். இந்தத் தேதிக்குள் உண்ண வேண்டும் என்று போட்டிருந்தால் அது பாதுகாப்புக்கான எச்சரிக்கை. இந்தத் தேதிக்கு முன் சுவை நன்றாக இருக்கும் என்று போட்டிருந்தால் அது தரம் பற்றியது. உலர்ந்த பருப்பும் பிஸ்கட்டும் மறுநாளே விஷமாகிவிடுவதில்லை.

மீந்தது யாருக்கு?

ஒரு சங்கதியை வெளிப்படையாகப் பேசவேண்டும். நம் வீடுகள் பலவற்றில், மீந்ததெல்லாம் அம்மாவின் தட்டுக்குத்தான் போகிறது. பிள்ளைகள் ஒதுக்கிய சோறு, நேற்றைய குழம்பு, காலையில் பசியாறியபோது மிஞ்சிய தோசை என எல்லாவற்றையும், வீணாக்கக் கூடாதே என்று, பசி இல்லாவிட்டாலும் அவரே சாப்பிட்டு முடிக்கிறார். இதைச் சிக்கனம் என்று பாராட்டுகிறோம். நீரிழிவு உள்ள ஒருவர் தேவைக்கு மேல் சோற்றைச் சாப்பிட்டு மிச்சப்படுத்தும் ஒரு வெள்ளி, மருந்துச் செலவில் பல வெள்ளியாகப் போய்விடும்.

ஆகவே மீந்ததைக் குடும்பமே பகிர்ந்து சாப்பிட வேண்டும். வாரத்தில் ஒரு நாள் புதிதாக எதுவும் சமைக்காமல், இருப்பதை வைத்தே ஒப்பேற்றலாம். சோறு நாசி கோரெங்கோ எலுமிச்சைச் சாதமோ ஆகட்டும். சப்பாத்தியைப் பிய்த்து முட்டையோடு கொத்திப் போடலாம். புளித்த மாவு பணியாரத்துக்கு நல்லது. பீர்க்கங்காய்த் தோல் துவையலாகும். தர்பூசணியின் வெள்ளைப் பகுதி கூட்டாகும். அன்று பிள்ளைகளைச் சமைக்க விட்டால், எதையும் ஒதுக்காமல் சாப்பிடுவார்கள்.

ஆனால் சிக்கனம் என்ற பெயரில் நோயை வரவழைக்கக் கூடாது. நம் ஊர் வெப்பத்தில், சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். குளிர்பதனப் பெட்டி 4 டிகிரி செல்சியசோ அதற்குக் குறைவாகவோ இருக்கட்டும். சோற்றை அகலமான பாத்திரத்தில் பரப்பி, சீக்கிரம் ஆறவைத்து உள்ளே வைக்க வேண்டும். வெளியே கிடந்த சோற்றில் ஒருவகைக் கிருமி நச்சை உண்டாக்கும். பிறகு எவ்வளவு சூடாக்கினாலும் அந்த நச்சு போகாது. முறையாக வைத்ததையும், ஆவி பறக்கும்வரை ஒரே ஒரு முறை சூடாக்கிச் சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.

விருந்து என்றால் மீந்தாலும் பரவாயில்லை, குறையக் கூடாது என்பது நம் பண்பாடு. அதை விட்டுவிடச் சொல்லவில்லை. தீபாவளிக்கும் பிறந்த நாளுக்கும் அழைக்கும்போதே எத்தனை பேர் வருகிறார்கள் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மிஞ்சும் என்று தெரிந்தால், உணவு கெடுவதற்குள் பொட்டலம் கட்டி, வந்தவர்கள் கையில் கொடுத்தனுப்புங்கள்.

இந்த வாரம் ஒரு காரியம் செய்வோமா? குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒரு தாளை ஒட்டி, எறியும் ஒவ்வொரு பொருளையும் அதன் விலையையும் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை குடும்பமாக உட்கார்ந்து கூட்டிப் பாருங்கள். எதைக் குறைவாக வாங்குவது, எதைக் குறைவாகச் சமைப்பது என்று அந்தத் தாளே சொல்லிவிடும்.