'ஆலாப் பறக்கான்'னு சொல்றோமே... யார் அந்த ஆலா?

புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் விலை ஏறுகிற நாளில் ஒருத்தர் நாலு பக்கமும் ஓடினால், "காசுக்கு எப்படி ஆலாப் பறக்கான் பாரு" என்பார்கள். சோறு இறக்குவதற்குள் தட்டைத் தூக்கினால் அம்மா கேட்பது, "ஏம்ல இப்படி ஆலாப் பறக்க?"

சரி, ஆலா என்றால்? 'ஆலாய்ப் பறக்கிறான்' என்று எழுதுவதைப் பார்த்தால் ஆலமரம் ஞாபகத்துக்கு வரும். ஆனால் மரம் எங்கே பறக்கும்?

ஆலா ஒரு கடல் பறவை. ஆங்கிலத்தில் 'டெர்ன்'. கடற்காகத்தின் உறவு; ஆனால் ஒல்லி. கூரான இறக்கை, பல வகைகளுக்குப் பிளவுபட்ட வால். தனுஷ்கோடியில் பைக்கை நிறுத்திவிட்டு அஞ்சு நிமிஷம் பாருங்கள். அலகைக் கீழே தாழ்த்தி, தண்ணீரையே பார்த்தபடி போகும், திரும்பும், ஒரே இடத்தில் இறக்கையடித்து நிற்கும், சடாரென்று விழும். மீன் சிக்கவில்லையா, மறுபடி முதலிலிருந்து. அம்மா சொன்னது இதைத்தான் என்று அப்போது புரியும்.

பழந்தமிழில் 'ஆலுதல்' என்றால் ஆடுதல், ஒலித்தல். மயில் ஆடுவதற்கு வரும் சொல். ஓயாமல் ஆடி, ஓயாமல் கத்தும் இந்தப் பறவைக்கும் அது பொருந்தத்தான் செய்கிறது. இது என் ஊகம்.

மற்றவர்கள் வேறு மாதிரி பார்த்தார்கள். 'டெர்ன்' ஸ்காண்டிநேவிய மொழிகளிலிருந்து வந்தது, டேனிஷில் 'டெர்னெ'. பிளந்த வாலைப் பார்த்து ஆங்கிலத்தில் 'கடல் தகைவிலான்' என்றும் ஒரு பெயர். அவர்கள் வாலைப் பார்த்தார்கள், நாம் பறப்பதைப் பார்த்தோம். நம்முடையதுதான் சரி என்பேன். ஆர்க்டிக் ஆலா வடதுருவப் பகுதியிலிருந்து அன்டார்க்டிகா வரை போய்த் திரும்ப, ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 70,000 கிலோமீட்டர் பறப்பதாக 2010-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. ஆலாப் பறப்பது என்றால் அதுதான்!

புளியங்குடிக்காரர் கடல் பார்க்கத் தூத்துக்குடி வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் போகணும். ஆலாவைப் பார்க்க அது தேவையில்லை. குளிர்காலத்தில் 'மீசை ஆலா' தென் மாவட்டக் குளங்களுக்கே வருகிறது. பெயரை நம்பி மீசையைத் தேடாதீர்கள். கருந்தலைக்கும் சாம்பல் வயிற்றுக்கும் நடுவே தெரியும் வெள்ளைக் கன்னம்தான் மீசை. அது இனப்பெருக்கக் கால வேஷம்; இங்கே வரும்போது பெரும்பாலும் கலைந்திருக்கும்.

வருஷம் முழுக்க நம் நாட்டிலேயே இருப்பது 'ஆற்று ஆலா'. மஞ்சள் அலகு. ஆற்று நடுவே இருக்கும் மணல் திட்டில், வெறும் தரையில் முட்டையிடும். திடீரென்று அணைத் தண்ணீர் வந்தால் முட்டை போச்சு. திட்டில் மண் அள்ளினாலும், நாய் ஏறினாலும் அதே கதி. இப்போது சர்வதேச சிவப்புப் பட்டியலில் 'அழியக்கூடிய நிலை'யில் இருக்கிறது.