ஒரு கணினியில் இரு குடித்தனம்

புணே நகரத்து ராஸ்தா பேட்டை முதலிய பகுதிகளில் வாழும் தமிழன்பர்களுக்கு, ஒரே வீட்டில் இரு குடும்பங்கள் குடியிருப்பது புதிதன்று. சுவர் எழுப்புமுன் இடத்தை அளந்து கொள்வர். மடிக்கணினியில் இரண்டு இயக்க முறைமைகளை அமர்த்துவதும் அத்தன்மையதே.

இத்தேவை இன்று எழுந்தது ஏன்? விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாள் முடிவுற்றது. டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புக் கூறு இல்லாத பழைய கணினிகளுக்கு விண்டோஸ் 11 உரியதன்று. நன்றாக உழைக்கும் கருவியை எறிந்துவிட வேண்டுவதில்லை. இணையப் பணிகளை லினக்ஸிலும், விண்டோஸில் மட்டுமே இயங்கும் மென்பொருள்களை இணையத் தொடர்பின்றி விண்டோஸிலும் நடத்தலாம்.

இவ்வேற்பாடு தமிழர்க்குப் பழக்கமானதே. தமிழக அரசு 2011 செப்டம்பரில் மாணவர்க்கு வழங்கத் தொடங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸும் ‘பாஸ்’ லினக்ஸும் ஒருங்கே இருந்தன. ‘பாஸ்’ முறைமையை உருவாக்கிய சீ-டாக் நிறுவனத்தின் தலைமையகம் நம் புணேயிலேயே உள்ளது.

இனி அளவைக் காண்போம். 256 ஜி.பி. என விற்கப்படும் வட்டு, விண்டோஸில் ஏறத்தாழ 238 என்றே தோன்றும். விற்பவர் ஆயிரம் ஆயிரமாகவும், விண்டோஸ் 1024 வீதமும் எண்ணுவதே காரணம், குறைபாடு எதுவுமில்லை. இதில் விண்டோஸுக்கு 110 ஒதுக்கலாம்; மென்பொருள்கள் பெருகுங்கால் இடம் வேண்டும். உபுண்டு லினக்ஸுக்குக் குறைந்தது 25 தேவை. 40 அளித்தால் நெருக்கடி இராது. நினைவகம் 8 ஜி.பி. ஆயின், துயில்நிலையை விரும்புவோர் மாற்றிடமாக 8 விடுக. எஞ்சிய 80 பொதுக்கூடமாகட்டும். அதனை என்.டி.எப்.எஸ். முறையில் அமைத்தால் இரு முறைமைகளும் படிக்கும், லினக்ஸின் இ.எக்ஸ்.டி.4 பகுதியை விண்டோஸ் தானாகப் படிக்காது.

செயல்முறையில் வரிசை முக்கியம். ஊரிலுள்ள பெற்றோரின் நிழற்படங்கள், குடும்பத்துக் கடிதங்கள் யாவற்றையும் முதற்கண் வேறொரு வட்டில் படியெடுத்து, அது திறக்கிறதா என்று சோதிக்க. வட்டு பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருப்பின், மீட்பெண்ணைத் தாளில் எழுதி வைக்க. விரைவுத் தொடக்க வசதியை நிறுத்துக. அன்றேல் விண்டோஸ் பாதி உறக்கத்தில் இருக்க, லினக்ஸ் அதன் பகுதியில் எழுத முற்பட்டுக் கோப்புகள் கெடக்கூடும். அதன்பின் விண்டோஸின் வட்டு மேலாண்மைக் கருவியாலேயே அதன் பகுதியைச் சுருக்கி, வெற்றிடத்தில் லினக்ஸை நிறுவுக.

நிறுவும்போது வட்டு முழுவதையும் அழிக்கும் தெரிவும் திரையில் தோன்றும். அதனைத் தொட்டால் விண்டோஸோடு நிழற்படங்களும் போய்விடும். அவ்விடத்தில் ஒவ்வொரு சொல்லையும் இருமுறை படித்தபின் விசையை அழுத்துக. அளந்து பிரித்த வீட்டில் இரு குடித்தனமும் இனிதே நடைபெறும்.