சின்னதுதானே என்று விட்டுவிடலாமா?

நாய் பழக்குவது என்றதும் நம் மனதில் வருவது அல்சேஷன், டோபர்மன் போன்ற பெரிய நாய்கள்தான். பொமேரியன், டக்ஸ்ஹண்ட் போன்ற சிறிய இனங்களைப் பழக்க வேண்டும் என்று பலரும் நினைப்பதில்லை. மடியில் கிடக்கிற ஒன்றுக்குப் பழக்கம் எதற்கு என்பார்கள். பெரிய நாய் ஒருவர் மேல் பாய்ந்தால் வீடே எழுந்து நிற்கும். சின்ன நாய் பாய்ந்தால் எல்லோரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பிலேதான் அது கெட்டுப்போகிறது. ஒரு வயதாகும்போது குரைப்பும் கடியும் வீடெல்லாம் சிறுநீருமாக வீட்டார் அலுத்துவிடுவார்கள். பிறகு சங்கிலிதான். அதுவும் சரிவராவிட்டால் ஒரு நாள் ஓட்டோவில் ஏற்றிக் கொண்டுபோய்ச் சந்தைப் பக்கம் விட்டுவிட்டு வருவார்கள். சடை பிடித்த உரோமத்தோடு தெருவில் அலைகிற பொமேரியன் கலப்பு நாய்களைச் சகோதரிகளாகிய நீங்களும் கண்டிருப்பீர்கள்.

எங்கள் வீட்டுக்குக் குட்டி வந்தபோது எங்களில் ஒருவருக்கும் நாய் வளர்த்த அனுபவம் கிடையாது. வெள்ளவத்தையில் இரண்டாம் மாடி வாடகை வீடு. முற்றம் இல்லை, ஒரு சின்னப் பல்கணி மட்டும். நானும் என் அம்மாவும் ஒன்பது வயது மகளும் இருக்கிறோம். அலுவலகச் சிநேகிதி ஒருவரின் வீட்டில் பிறந்த நாலு பொமேரியன் கலப்புக் குட்டிகளில் கடுவன் மூன்றும் உடனே போய்விட்டன. பெட்டை ஒன்றுதான் மிஞ்சியது. வளர்ந்தால் குட்டி போடும் என்று எவரும் அதைத் தொடவில்லை. எட்டு வாரம் முடியும்வரை தாயோடு விட்டு வைக்கும்படி மிருக வைத்தியர் சொல்லியிருந்தார். தாயோடும் கூடப்பிறந்தவைகளோடும் விளையாடும்போதுதான் எவ்வளவு கடித்தால் மற்றதுக்கு நோகும் என்பதைக் குட்டி கற்றுக்கொள்ளுமாம்.

வீட்டுச் சொந்தக்காரர் சம்மதித்தார். ஆனால் மணமோ சத்தமோ என்று கீழ்வீட்டிலிருந்து முறைப்பாடு வந்தால் நாய் வெளியே போகவேண்டும் என்றும் சொல்லிவிட்டார். அதைவிடப் பெரிய கவலை என் அம்மாவின் கால். இருபது வருடமாக அவருக்கு நீரிழிவு. பாதத்தில் உணர்ச்சி குறைவு. ஒரு கீறல் பட்டாலும் ஆற மாதக்கணக்காகும். ஆகவே மல சலத்துக்கு இடம் பழக்குவதும் கடியை நிறுத்துவதும் எங்களுக்கு விளையாட்டுக் காரியமாக இருக்கவில்லை.

இடம் பழக்குதல்

சிறிய இனக் குட்டிக்குச் சலப்பையும் சிறிது. எத்தனை மாதக் குட்டியோ அத்தனை மணித்தியாலம், மிஞ்சினால் இன்னும் ஒரு மணித்தியாலம் பொறுக்கும் என்பது பொதுவான கணக்கு. இரண்டு மாதக் குட்டி மூன்று மணித்தியாலம் பொறுப்பதே அதிகம். விழித்திருந்து ஓடியாடும்போது அதுகூட இல்லை. நித்திரையால் எழும்பியதும், சாப்பிட்டுக் கால் மணித்தியாலத்துக்குள்ளும், விளையாடி முடிந்ததும் அதற்குப் போகவேண்டும். இந்த மூன்று நேரத்தையும் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

பல்கணி மூலையில் அகலமான பிளாஸ்டிக் தட்டொன்றில் பழைய பத்திரிகைகளை விரித்தோம். முதல் நாள் நனைந்த தாளில் ஒரு துண்டைப் புதுத் தாளுக்கு அடியில் வைத்துவிட்டால் அந்த மணம் குட்டியை அங்கேயே கூப்பிடும். இதே காரணத்துக்காக, வேறு இடத்தில் சிறுநீர் கழித்திருந்தால் மணம் ஒட்டும் இல்லாமல் துடைக்க வேண்டும். தண்ணீர் கலந்த வினாகிரி நல்லது. அமோனியா கலந்த துப்புரவுத் திரவங்களைப் பாவிக்கவேண்டாம். சிறுநீரின் மணமும் அமோனியாவை ஒத்ததே. நமக்குச் சுத்தமாகத் தெரிகிற இடம் அதற்கு மலசலகூடமாகத் தெரியும்.

தட்டில் போய் முடித்த அந்தக் கணத்திலேயே, ஒன்றிரண்டு விநாடிக்குள், ஒரு சிறு துண்டு அவித்த கோழியும் ஒரு நல்ல வார்த்தையும் கொடுக்கவேண்டும். குசினிக்குப் போய் டப்பாவைத் திறந்து எடுத்து வந்து கொடுத்தால் அது எதற்கென்று குட்டிக்கு விளங்காது. அம்மா ஹவுஸ்கோட் பையிலேயே சின்னப் பிளாஸ்டிக் போத்தலில் வைத்திருப்பார். பகலில் நான் வேலைக்கும் மகள் பாடசாலைக்கும் போய்விடுவதால் உண்மையான ஆசிரியை அவர்தான். ஓடிப் பிடிக்க அவரால் முடியாது. ஆகவே குசினி வாசலில் குறுக்கே ஒரு பலகையை வைத்து, குட்டி திரியக்கூடிய இடத்தைச் சுருக்கினோம். வீடு முழுவதையும் முதல் நாளே திறந்துவிட்டால் குட்டிக்கும் கஷ்டம், துடைப்பவருக்கும் கஷ்டம்.

மகள் ஓர் அப்பியாசக் கொப்பியில் ஒவ்வொரு தடவையும் நேரத்தையும் இடத்தையும் எழுதினாள். தட்டு என்றால் சரி அடையாளம், தரை என்றால் பிழை அடையாளம். பத்து நாள் கழித்துப் பார்த்தபோது பிழைகளில் பெரும்பாலானவை பின்னேரம் இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் இடையில் இருந்தன. அது மகள் பாடசாலை விட்டு வந்து விளையாடும் நேரம். துள்ளி விளையாடும்போது குட்டி தன்னை மறந்துவிடுகிறது. அன்றிலிருந்து பதினைந்து நிமிட விளையாட்டு, பிறகு தட்டு, பிறகு திரும்ப விளையாட்டு என்று வைத்தோம். அந்தப் பிழைகள் ஒரு கிழமைக்குள் வெகுவாகக் குறைந்தன. புதிதாக நாய் வளர்ப்பவர்களுக்கு நான் முதலில் வாங்கச் சொல்வது ஒரு கொப்பியைத்தான். சங்கிலி பிறகு வாங்கலாம்.

குட்டியின் மூக்கைச் சிறுநீரில் தேய்த்தால் திருந்தும் என்று அயலவர் சொன்னார்கள். அப்படிச் செய்தால் அது படிப்பது ஒன்றுதான்: மனிதர் பார்க்கும்போது போகக்கூடாது, கட்டிலுக்குக் கீழே ஒளித்துப் போகவேண்டும் என்பதை. இன்னொன்று, சில குட்டிகள் ஆட்கள் குனிந்து கிட்ட வரும்போதே சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் விடும். அது பழக்கக் குறைவல்ல, பயமும் பணிவும் கலந்தது. ஏசினால் கூடும். குந்தியிருந்து, பக்கவாட்டில் கையை நீட்டி, சத்தமில்லாமல் கூப்பிட்டால் தானாகக் குறைந்து போகும்.

இரவு முதற் கிழமை அழுதது. அட்டைப்பெட்டியில் துவாய் விரித்து என் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்தேன். ஒரு மணிக்கும் நாலு மணிக்கும் எழும்பிப் பல்கணிக்குக் கொண்டுபோனேன். கைக்குழந்தை வளர்த்த தாய்மாருக்கு இது புதிதல்ல.

பல்லும் காலும்

குட்டிக்குப் பாற்பற்கள் இருபத்தெட்டு. ஊசி போன்றவை. ஏறக்குறைய மூன்றரை, நாலு மாதத்தில் விழத்தொடங்கி, ஏழு மாதமளவில் நாற்பத்திரண்டு நிரந்தரப் பற்கள் வந்துவிடும். இந்தக் காலத்தில் அது எதையும் கடிக்கும். எங்கள் குட்டிக்குப் பிடித்தவை அம்மாவின் ஹவுஸ்கோட் ஓரமும் அதற்குக் கீழே அசையும் கால்விரல்களும்.

வந்து மூன்றாம் கிழமை அம்மாவின் பாதத்தில் பல் பட்டுக் கீறியது. இரத்தம் துளிர்த்ததை மகள்தான் கண்டாள். அம்மாவுக்குத் தெரியவேயில்லை. உடனே குழாய்த் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு மணிக்கூட்டைப் பார்த்துப் பதினைந்து நிமிடம் கழுவினோம். மஞ்சள், சுண்ணாம்பு ஒன்றும் பூசவில்லை. அப்படியே அரசாங்க வைத்தியசாலைக்குப் போனோம். குட்டிக்கு விசர் வராது, வீட்டு நாய்க்கு வராது என்று நினைப்பவர்கள் நம்மில் நிறையப்பேர். விசர்நாய்க்கடி நோய் குட்டி, பெரிது என்று பார்ப்பதில்லை. தடுப்பூசி போடாத குட்டியின் கீறலும் கடிதான். நோயின் அறிகுறிகள் தோன்றிய பிறகு அநேகமாக ஒருவரும் பிழைப்பதில்லை. ஆனால் உரிய நேரத்தில் ஊசி போட்டால் தடுத்துவிடலாம். அரசாங்க வைத்தியசாலைகளில் அதற்குப் பணம் கட்டவேண்டியதில்லை. அம்மாவுக்கு ஊசி போட்டார்கள். குட்டியை இரண்டு கிழமை வீட்டிலேயே வைத்துக் கவனிக்கும்படியும் சொன்னார்கள்.

அன்றிரவு என் தம்பி தொலைபேசியில், "அக்கா, இது தேவையில்லாத வேலை, குட்டியைத் திருப்பிக் குடுத்திடுங்கோ" என்றான். எனக்கும் மனம் அந்தப் பக்கம்தான் சாய்ந்தது. அம்மா காலைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்ரை காலுக்கு நான் சப்பாத்துப் போடுறன். அதின்ரை வாய்க்குப் பழக்கிறது உன்ரை வேலை" என்றார்.

மிருக வைத்தியரும் அதையேதான் சொன்னார். "அக்கா, அம்மாவுக்கு வீட்டுக்குள்ளேயும் மூடின சப்பாத்து வேணும், ஆனா அதோட நிக்கக்கூடாது" என்று சொல்லி ஒரு முறையைக் காட்டித் தந்தார். பல் தோலில் பட்ட உடனே விளையாட்டு நிற்கவேண்டும். கையை உதறக்கூடாது, கீச்சிடவும் கூடாது. இரண்டும் குட்டிக்கு இன்னும் விளையாட்டாகத் தோன்றும். கையை எடுத்துக்கொண்டு, முகத்தைத் திருப்பி, அரை நிமிடம் மரம் போல நிற்கவேண்டும். பிறகு கடிக்கத் தகுந்த ஒன்றை வாயில் கொடுக்கவேண்டும். துணியை முடிச்சுப் போட்டு நனைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துக் கொடுத்தால் முரசு அரிப்புக்கும் சுகம். மூஞ்சியில் தட்டுவது வேண்டாம் என்றார். அடித்த கையைக் கண்டு பயப்படுகிற நாய், ஒரு நாள் அந்தப் பயத்திலேயே கடிக்கும்.

முறை இலகுதான். வீட்டுக்கு வருகிறவர்களைப் பழக்குவதுதான் கஷ்டம். நாங்கள் மூன்று பேரும் மூன்று கிழமை கஷ்டப்பட்டு நிறுத்தியதை, விருந்தாளி ஒருவர் கையை வாய்க்குள் கொடுத்து, "கடி பாப்பம், சின்னப் பல்லுத்தானே" என்று ஐந்து நிமிடத்தில் குழப்பிவிடுவார். முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்ல எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொன்னேன். ஒருவர் கோபித்துக்கொண்டு தேநீர் குடியாமல் போனார். போகட்டும்.

மொழியிலும் ஓர் ஒழுங்கு வேண்டியிருந்தது. அம்மா "இரு" என்பார், மகள் "சிட்" என்பாள். "இரு" என்ற சொல்லில் ஒரு சிக்கல். "இரு, வாறன்", "கொஞ்சம் இருங்கோ" என்று நாள் முழுவதும் நாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டேயிருக்கிறோம். குட்டிக்கு எது தனக்கு, எது தொலைபேசிக்கு என்று தெரியாது. கடைசியில் மூவரும் "சிட்" என்றே வைத்துக்கொண்டோம். தமிழ் நாய்க்கு ஆங்கிலம் எதற்கு என்று கேட்பவர்கள் கேட்கட்டும். எந்த மொழியானாலும் எல்லோர் வாயிலும் ஒரே சொல்லாக இருந்தால் போதும்.

தூக்குவதும் இறக்குவதும்

எட்டுக் கிழமையிலிருந்து பதினாலு கிழமைவரை குட்டி கண்டு கேட்டு அறிகிறவை பின்னர் பயம் தராதவை ஆகின்றன. ஆனால் பார்வோ போன்ற நோய்களுக்கான தடுப்பூசிகள் முழுவதும் முடிய நாலு மாதமளவாகும். அதுவரை தெருநாய்கள் திரியும் தரையில் விடமுடியாது. ஆகவே கையில் ஏந்திக்கொண்டு போனோம். கடற்கரை ரயில், குடை பிடித்தவர்கள், பாடசாலைப் பிள்ளைகளின் கூட்டம், பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் பாண் ஓட்டோ எல்லாம் காட்டினோம். அந்தப் பாட்டுக்கு இன்றும் தலையைத் தூக்கி ஊளையிடும். அதை மட்டும் எங்களால் மாற்ற முடியவில்லை.

தூக்கும்போது ஒரு கை நெஞ்சுக்குக் கீழும் மறு கை பின்புறத்திலும் இருக்கவேண்டும். முன்கால்களைப் பிடித்துத் தூக்கக்கூடாது. சின்ன இனங்களின் முன்கால் எலும்பு மெல்லியது. கட்டிலிலிருந்து குதித்தே முறியும். பொமேரியன் வகைக்கு மூச்சுக்குழாயும் பலவீனமானது. கழுத்துப்பட்டியில் சங்கிலியைக் கொளுவி இழுக்காமல் நெஞ்சைச் சுற்றிப் போடும் பட்டி வாங்குங்கள். இன்னொரு நாயைக் கண்டதும் உடனே தூக்கிவிடுவதும் நல்லதல்ல. தூக்கிய கையிலிருந்து குரைப்பதற்கே அது பழகிவிடும்.

தனியே இருக்கவும் பழக்கவேண்டும். முதலில் ஒரு நிமிடம் கதவைச் சாத்தி, அழாமல் இருக்கும்போதே திரும்பி வரவேண்டும். பிறகு ஐந்து, பிறகு பதினைந்து. அழும்போது திறந்தால் அழுதால் திறக்கும் என்று படித்துக்கொள்ளும். கீழ்வீட்டு அன்ரியிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தேன். அவர் ஒரு தடவைகூட முறைப்பாடு செய்யவில்லை.

சாப்பாடு பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. சின்ன இனக் குட்டிகளுக்கு நெடுநேரம் பட்டினி கிடந்தால் இரத்தத்தில் சீனி குறைந்து மயக்கம் வரலாம். ஆகவே நாளுக்கு மூன்று நாலு தடவை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கவேண்டும். வெங்காயம், உள்ளி, சொக்கலேற், முந்திரிகைப்பழம், அதன் வற்றல் எதுவும் கூடாது. கறிச் சோற்றைக் குழைத்துக் கொடுக்கும் வழக்கமுள்ள நம் வீடுகளில் வெங்காயத்தை நினைவில் வைத்திருக்கவேண்டும். அவித்த கோழி எலும்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும்.

விசர்நாய்க்கடித் தடுப்பூசியை மிருக வைத்தியர் குறித்த வயதில் போட்டுவிட்டோம். நாய் வைத்திருப்போருக்கான விசர்நாய்க்கடிச் சட்டம் நம் நாட்டில் 1893ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. ஊசி ஒரு தடவையோடு முடிவதில்லை, வருடாவருடம் போடவேண்டும். அட்டையைப் பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையோடு சேர்த்து வைத்தால் தொலையாது.

பெட்டை என்று பயந்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆறு மாதமளவில், முதற் பருவம் வருவதற்கு முன்னரே கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்யலாம். பிற்காலத்தில் முலைப் புற்று வரும் வாய்ப்பும் அதனால் குறைகிறது. எங்கள் குட்டிக்கு ஏழாம் மாதத்தில் செய்தோம். காலையில் கொண்டுபோய்ப் பின்னேரம் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். சின்ன இனம் என்பதால் எத்தனை மணிவரை சாப்பாடு கொடுக்கலாம் என்று வைத்தியரிடம் கேட்டே நிறுத்தினோம். பத்து நாள் தையலை நக்காமல் கழுத்தில் கூம்பு மாட்டி வைத்திருந்தோம். கூம்போடு தட்டுக்குப் போய்வர முதல் நாள் மட்டும் தடுமாறியது. அம்மாதான் கூட நடந்து போய்க் கூம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார், சப்பாத்தோடு.