ஆறாவது தூண் ஏன் பருமன்?

இங்கிலாந்தின் வடக்கே, யார்க்‌ஷயர் மலைப்பகுதியில் ஓர் அகன்ற சதுப்புப் பள்ளம். அதன் குறுக்கே 400 மீட்டர் நீளமும் 32 மீட்டர் உயரமும் கொண்ட இரயில் பாலம் ஒன்று நிற்கிறது. அதன் பெயர் ரிபிள்ஹெட். செங்குத்தான ஏற்றத்தில் நீராவி எஞ்சின் திணறும். ஆகவே பள்ளத்தில் இறங்கி ஏறாமல் கடந்து செல்ல, 24 வளைவுகளை எழுப்பினார்கள். வேலை 1870இல் தொடங்கியது. 1876இல் பயணிகள் வண்டி ஓடியது. தூண்கள் சுண்ணாம்புக்கல், வளைவுகள் செங்கல்.

இந்தத் தூண்களை எண்ணிப் பாருங்கள். ஒவ்வோர் ஆறாவது தூணும் மற்றவற்றைவிடப் பருமனாக இருக்கும். அழகுக்காகவா? இல்லை.

வளைவின் மேல் விழும் பாரம் செங்கற்களை ஒன்றோடொன்று நெருக்குகிறது. செங்கல் நெருக்கத்தை நன்றாகத் தாங்கும். ஆனால் வளைவு தன் இரு பக்கத் தூண்களையும் வெளிப்புறமாக உதைத்துக்கொண்டே இருக்கிறது. அடுத்த வளைவு எதிர்த்து உதைப்பதால்தான் நடுத்தூண் நேராக நிற்கிறது. முதுகோடு முதுகு சாய்ந்து உட்கார்ந்த இரு பையன்களில் ஒருவன் சட்டென்று எழுந்துவிட்டால் மற்றவன் கதி என்ன? அதே கதிதான் தூணுக்கும். ஒரு வளைவு விழுந்தால் வரிசை முழுவதும் சரியக்கூடும். பருத்த தூணோ ஒருபக்க உதைப்பைத் தனியே தாங்கும். சேதம் அங்கேயே நின்றுவிடும். நடக்காத விபத்துக்காக இவ்வளவு கல்லைச் செலவிட்ட பொறியாளர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

வேலையாட்கள் பாலத்தடியில் குடிசை போட்டுக் குடும்பத்தோடு தங்கினார்கள். விபத்திலும் பெரியம்மையிலும் பலர் மாண்டனர்.

பிற்காலத்தில் பாலத்தின் பகைவனாக வந்தது தண்ணீர். மழைநீர் மேல்தளத்தின் வழியே கசிந்து உள்ளே இறங்கியது. குளிரில் உறையும் நீர் ஏறத்தாழ 9 விழுக்காடு பருக்கும் அல்லவா? சாந்து பிளந்தது, செங்கல் உதிர்ந்தது. பழுது பார்க்கப் பெரும் பணம் வேண்டும் என்று கூறி, 1980களில் பிரிட்டிஷ் ரயில்வே அந்தப் பாதையையே மூட முனைந்தது. 22,000க்கும் மேற்பட்டோர் எதிர்ப்பு மனு கொடுத்தனர். பயணச்சீட்டு வாங்கிப் பயணம் செய்த ஒரு நாயின் பாதச்சுவடும் அவற்றில் ஒன்று! 1988இல் ஒரு வளைவை மட்டும் சோதனையாகச் சீர்செய்து பார்த்தார்கள். பயமுறுத்திய அளவுக்குச் செலவாகாது என்று தெரிந்தது. 1989இல் அரசு மூட மறுத்தது. பிறகு மேல்தளத்தில் நீர் புகாத உறை விரித்தார்கள்.

பாலம் இன்று சட்டப் பாதுகாப்புப் பெற்ற சின்னம். குடிசைகள் இருந்த நிலத்துக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு. ஆனால் பாரத்தைக் குறைக்க 1985இல் இரண்டு தண்டவாளப் பாதைகளை ஒன்றாக்கினார்கள்; இன்றும் ஒன்றுதான்.