சின்ன கிட்டாரும் உப்புக் காற்றும்

வ.உ.சி. துறைமுகமும் உப்பளங்களும் சூழ்ந்த தூத்துக்குடியில், ஆகஸ்ட் 5 பனிமய மாதா திருவிழா. இந்தக் கடற்கரையின் தேவாலயப் பாடகர் குழுக்களுக்குக் கிட்டார் நன்கு பழகிய வாத்தியம். வீட்டுக்கும் மேடைக்கும் சின்ன உடல் கிட்டார் ஏன் பொருந்துகிறது?

ஓசை எப்படி மாறுகிறது?
தந்தியின் அதிர்வு, தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் வழியே மேல்பலகைக்குப் போகிறது. பலகையும் பெட்டிக்குள் இருக்கும் காற்றும் சேர்ந்து அதைப் பெருக்குகின்றன. குடத்தின் வாயில் ஊதிப் பாருங்கள்: குடம் சிறிதானால் சுருதி ஏறும். பெரிய கிட்டாரில் இந்தக் காற்றதிர்வு சுமார் 100 ஹெர்ட்ஸ். பெட்டி சிறுத்தால் பொதுவாக இன்னும் மேலே போகும். ஆறாம் தந்தியின் சுருதியோ 82 ஹெர்ட்ஸ்தான். ஆகவே கீழோசை மெலிந்து, நடுவோசை தெளிவாக நிற்கிறது.

மேடையில் என்ன லாபம்?
ஸ்பீக்கரின் ஓசை பலகையை மறுபடி அதிரவைக்க, அதிர்வை மின்சைகையாக்கும் பிக்கப் அதைத் திரும்ப அனுப்ப, சுற்று வளர்ந்து ஊளையாகிறது. சின்னப் பலகை கீழோசையைக் குறைவாகவே வாங்குவதால் அந்தத் தொல்லையும் குறைகிறது.

கடற்காற்று என்ன செய்யும்?
உப்புத்துகள் ஈரத்தை இழுத்துத் தந்தியை வேகமாகத் துருப்பிடிக்க வைக்கும். ஈரம் குடித்த மேல்பலகை புடைத்தால் தந்தி உயர்ந்து, விரலுக்கு வலிக்கும்.

வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் தந்திகளைத் துடையுங்கள். கிட்டாரை அதன் உறைப்பெட்டியில் மூடி, சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள். ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் இருந்தால் கிட்டார் பல்லாண்டு உழைக்கும்.